பதினாறு கோழியும் ஒரு பட்டர் ஃப்ரூட் மரமும்

சட்டென்று சொல்லிவிடுகிறேன், தள்ளிப்போட்டால் தைரியம் வராது. கோழி நல்ல முட்டை போட வேண்டும் என்பதற்காகக் கோழிக்கு விஷம் வைத்த ஆள் இந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதையும் சும்மா வைக்கவில்லை. கரண்டியால் மசித்து, தட்டில் பரப்பி, கல்யாண வீட்டுப் பந்தியில் நிற்கிற மாமனார் மாதிரி ஓரமாக நின்று, "சாப்புடுங்க, கூச்சப்படாதீங்க" என்று உபசாரமும் செய்தேன்.

கோழிகள் என்னுடையவை அல்ல. என் மனைவியுடையவை. என்னுடையவையாக இருந்திருந்தால் இந்தக் கதையை நான் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன்.

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற பாதையில், ஒரு டீ எஸ்டேட்டின் ஓரத்தில் எங்கள் வீடு. நான் முப்பது வருஷம் டீ ஃபேக்டரியில் இருந்தேன். பச்சை இலையை மூக்கருகே பிடித்து இது தேறும், இது தேறாது என்று சொல்வதும், கடைசியில் வரிசையாகக் கோப்பைகளில் ஊற்றிய டீயின் நிறத்தைப் பார்த்துத் தலையாட்டுவதும் என் வேலை. அவள் அதே எஸ்டேட்டின் பிள்ளைக்காப்பகத்தில் ஆயாவாக இருந்தாள். ரிட்டயர் ஆனதும் நான் பேப்பர் படிக்க ஆரம்பித்தேன். அவள் கோழி வளர்க்க ஆரம்பித்தாள். யாருக்கு மூளை இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துபோயிருக்க வேண்டும்.

பதினாறு கோழிகள். குளிரோ மூடுபனியோ, நாளைக்குப் பத்து பதினொரு முட்டைக்குக் குறையாது. அக்கம்பக்கத்தில் கொடுத்துக்கொண்டிருந்தாள். போன தை மாதம் மேலே இருக்கிற ஹோம்ஸ்டேயை நடத்துகிற அம்மா நடைப்பயிற்சி போகும்போது வேலியோரம் நின்று கோழிகளைப் பார்த்தார். இரண்டு முட்டை வாங்கிப் போனார். மறுநாள் திரும்பி வந்து, வாரா வாரம் முப்பது முட்டை வேண்டும் என்றார். முதல் முப்பதை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தரட்டும், அந்த வாரத்து முட்டையாக இருக்கட்டும், சமையல்காரருக்குப் பிடித்தால் வருஷம் முழுக்க என்று பேச்சு.

என் மனைவி அன்று இரண்டு தடவை டீ போட்டாள். இரண்டாவது டீ எதற்கு என்று கேட்டேன். "சும்மாதானுங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் சும்மா டீ போட்டு நான் பார்த்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு எவ்வளவு பெரிது என்பது எனக்கு அந்த டீயில்தான் தெரிந்தது.

அந்த ஹோம்ஸ்டே அம்மா போகிற போக்கில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். "முட்டை நல்லா இருக்கு சார். யோக் இன்னும் கொஞ்சம் டார்க்கா இருந்தா கெஸ்ட்டுங்க ரொம்ப விரும்புவாங்க."

இதை அவர் என் மனைவியிடம் சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. என்னிடம் சொன்னார்.

அந்த ஞாயிறுக்குச் சரியாக இரண்டு வாரம் இருக்கும்போது கோயமுத்தூரில் அவள் தங்கைக்கு ஆபரேஷன் என்று போன் வந்தது. போய்த்தான் ஆக வேண்டும். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை திரும்பிவிடுவேன், ஞாயிறு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன் என்றாள். கிளம்புவதற்கு முன் என்னைக் கோழிக் கூண்டு முன்னால் நிறுத்தி வைத்துப் பாடம் சொன்னாள்.

"ஏனுங்க, காலைல இந்த டப்பால ஒண்ணு தீவனம், சாயங்காலம் ஒண்ணு. இந்தக் கிண்ணத்துல சிப்பித்தூள் எப்பவும் இருக்கோணும். மத்தியானம் ஒரு கை கீரை. தண்ணிய மாத்தோணும். அவ்வளவுதான். வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"வேற என்ன பண்ணப் போறேன்?"

"உங்களத் தெரியாதுங்களா" என்று சொல்லி பஸ் ஏறினாள்.

இங்கேதான் என் தொழில்புத்தி குறுக்கே வந்தது. டீ ஃபேக்டரிக்காரனுக்கு ஒரே ஒரு வேதம்தான்: உள்ளே என்ன இலை போகிறதோ அதுதான் வெளியே தூளாக வரும், தூள் எப்படி என்பதைக் கோப்பையில் நிறம் சொல்லும். கோழியும் ஒரு ஃபேக்டரிதானே? அவள் ஊரிலிருந்து வந்து இறங்குவதற்குள் மஞ்சள் கருவை மாதுளை நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை ஹோம்ஸ்டே அம்மா உடைத்துப் பார்த்து வாயடைத்துப்போவார். "எல்லாம் எங்க வீட்டுக்காரர் வேலைங்க" என்று இவள் சொல்வாள். நான் ஓரமாக நின்று தாடையைச் சொறிவேன். அந்தக் காட்சியை நான் நாலைந்து முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் என் சட்டை வேறு வேறாக இருந்தது.

அவள் போன மறுநாளே கேத்தியில் கேரட் கழுவுகிற இடத்துக்குப் போய் உடைந்த கேரட் ஒரு மூட்டை வாங்கிவந்தேன். துருவிப் போட்டேன். பக்கத்துக் கோவிலில் கழித்துப் போட்ட செண்டுமல்லியை அள்ளிவந்து இதழைக் கிள்ளிப் போட்டேன். கோழிகள் முதலில் என்னை ஒரு மாதிரி பார்த்தன. குறிப்பாகக் கொண்டை ஒரு பக்கம் சாய்ந்த கோழி ஒன்று. அதுதான் கூட்டத்துக்குத் தலைவி. என் மனைவி வாசலில் உட்கார்ந்தால் அவள் மடியில் ஏறி உட்காரும். நான் உட்கார்ந்தால் என் செருப்பைக் கொத்தும். அது ஒரு இதழைக் கொத்தி, தலையைச் சாய்த்து யோசித்து, பிறகு மொத்தத் தட்டையும் தன்னுடையது என்று அறிவித்தது.

ஐந்தாம் நாள் ஒரு முட்டையை உடைத்தேன். கரு நல்ல ஆரஞ்சு. என் தொழில் வாழ்க்கையில் எந்தக் கோப்பை டீயையும் அப்படிப் பார்த்து நான் பூரித்ததில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் கிண்ணத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், உறிஞ்சி நாக்கில் உருட்டித் துப்பவும் செய்தேன். பழக்கதோஷம்.

அந்தப் பூரிப்பில் அடுத்த தப்பு. மூட்டையில் இருக்கிற தீவனம் வெளிறிய மண் நிறம். இதைப் போட்டுத்தான் கரு வெளிறுகிறது என்று எனக்கு நானே தீர்ப்பெழுதி, காலையில் ஒரு டப்பாவை அரை டப்பாவாக்கினேன். சாயங்கால டப்பாவை அடியோடு நிறுத்தினேன். அந்த இடத்தில் கேரட்டும் முட்டைக்கோஸ் இலையும். சிப்பித்தூள் கிண்ணம் காலியானது. அதை நிரப்ப வேண்டும் என்று மூன்று நாள் நினைத்தேன். நினைத்ததோடு சரி.

தினமும் சாயங்காலம் அவள் போன் பண்ணுவாள். தங்கைக்கு எப்படி இருக்கிறது என்று இரண்டு வார்த்தை, மீதி கோழி.

"தீவனம் போட்டீங்களா?"

"போட்டேன்."

"சிப்பி வெச்சீங்களா?"

"வெச்சேன் புள்ள. உன் கோழிக எல்லாம் ராணி மாதிரி இருக்குதுக. வந்து பாரு."

ஏழாம் நாள் ராணிகள் ஏழு முட்டை போட்டன. எட்டாம் நாள் ஐந்து. அதில் ஒன்றை எடுக்கக் கை வைத்தேன். விரல் உள்ளே போனது. ஓடே இல்லை. வெறும் தோல். ஈரப் பலூனில் தண்ணீர் நிரப்பின மாதிரி என் கையில் ஆடிக்கொண்டிருந்தது. கூண்டுக்குள் குனிந்த நிலையிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

பக்கத்து வீட்டம்மா அந்த நேரம் பார்த்துத்தான் வேலியருகே வந்தார். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தவர். இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறவர். என்னை அண்ணே என்று கூப்பிடுவார். அந்த அண்ணேவில் மரியாதை பாதி, நக்கல் பாதி.

"என்னாண்ணே, கூண்டுக்குள்ள போய் நீங்களே அடைகாக்கிறீங்களா?"

தோல் முட்டையைக் காட்டினேன்.

"தோல் முட்டை தானே. சத்தில்லாம போடுது. அண்ணி இருக்கறப்ப ஒருநாள் இப்படிப் பாத்ததில்ல. என்னா போடுறீங்க அதுகளுக்கு?"

"கேரட், கோஸ், செண்டுமல்லி."

"கோழிக்குப் போடுறீங்களா, சாமிக்குப் படைக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறிவிட்டார்.

சத்தில்லை என்ற அந்த ஒரு வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. புத்தியுள்ளவன் என்றால் நிறுத்திய தீவனத்தைத் திரும்பப் போட்டிருப்பான், கிண்ணத்தில் சிப்பி நிரப்பியிருப்பான். நான் போனை எடுத்தேன். ஒரு வீடியோவில் ஒருவர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, பட்டர் ஃப்ரூட்டைப் போல் சத்துள்ள பழம் உலகத்திலேயே கிடையாது, நல்ல கொழுப்பு, இதயத்துக்கு நல்லது, தோலுக்கு நல்லது என்று அடுக்கிக்கொண்டே போனார். யார் இதயத்துக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்கள் வாசலில் ஒரு பட்டர் ஃப்ரூட் மரம் நிற்கிறது. வருஷா வருஷம் காய்த்துக் கொட்டும். எனக்கு அந்தப் பழத்தைக் கண்டாலே ஆகாது. குளியல் சோப்பில் சர்க்கரை தூவித் தின்பது போல் இருக்கும். அவள் அடித்துப் பால் ஊற்றிக் கொடுத்தால், அவள் திரும்பிய நேரம் பார்த்து ஜன்னல் வழியாக ஊற்றிவிடுவேன். இத்தனை சத்தும் வீணாக மண்ணில் விழுந்து கிடக்கிறதே என்று அன்றைக்குத்தான் எனக்கு ஞானம் பிறந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆறு பழம் மசித்தேன். தோலோடுதான். தோலில்தான் சத்து என்று யாரோ எதைப் பற்றியோ சொன்னது ஞாபகம் இருந்தது. மற்ற கோழிகள் கொத்திப் பார்த்துவிட்டு, அலகை மண்ணில் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றன. சாய்ந்த கொண்டைக்காரி மட்டும் தட்டுக்கு நடுவில் ஏறி நின்று தின்றது. "பாத்துக் கத்துக்குங்கடி" என்று மற்றவர்களிடம் சொன்னேன்.

ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டம்மா மறுபடி வேலியருகே வந்தார். தட்டைப் பார்த்தார். கூடை தோளிலிருந்து நழுவியது.

"அண்ணே. அது என்னா?"

"பட்டர் ஃப்ரூட்."

"ஆனக்கொய்யாவா?" அவர் வீட்டில் அதற்கு அந்தப் பேர்தான். "ஐயோ, பறவைக்கு அத வைப்பாங்களா? எங்க தோட்டத்துத் தொர வீட்ல வளத்த கிளி, இதத் தின்னுதான் மறுநாளு காலைல கூண்டுக்குள்ள கவுந்து கெடந்துச்சின்னு எங்கம்மா சொல்லிச் சொல்லி மாஞ்சிருச்சி. எடுங்கண்ணே! தட்ட எடுங்க!"

நான் சிரித்தேன். கிளி வேறு, கோழி வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் என் கை அதற்குள் தட்டை எடுத்துவிட்டிருந்தது. அப்போதுதான் எனக்கே பயம் வந்தது.

கால்நடை மருத்துவமனைக்கு பஸ்ஸில் போகப் பொறுமையில்லை. ஆட்டோ பிடித்தேன். ஒரு கூடையில் சாய்ந்த கொண்டைக்காரியையும் தூக்கிப் போட்டுக்கொண்டேன். வழி முழுக்க அது என் மணிக்கட்டைக் கொத்தியது. கொத்துகிற வரைக்கும் உயிர் இருக்கிறது என்று நானும் கையைக் கொடுத்துக்கொண்டே வந்தேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. எனக்கு முன்னால் ஒரு எருமையும் இரண்டு நாய்களும் இருந்தன. என் முறை வந்ததும் நான் கேரட்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"தோலோடயா சார் போட்டீங்க?"

"தோலோடதாங்க."

"கொட்டை?"

"கொட்டைய நசுக்க முடியலீங்க." அதாவது முயற்சி செய்தேன் என்பதும் அதில் அடக்கம். அவருக்குப் புரிந்துவிட்டது.

கோழியைத் தூக்கி நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். இதற்கென்று முறிவு மருந்து எதுவும் இல்லை, வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கும் நாளைக்கும் கவனியுங்கள் என்றார். வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா, கழுத்துக்குக் கீழே வீங்குகிறதா, இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓரமாக உட்கார்கிறதா என்று பார்க்கச் சொன்னார். நாளை மறுநாள் வரை தாங்கிவிட்டால் பிழைத்துவிடும்.

"டாக்டரம்மா, கரு மட்டும் நல்ல கலர் வந்துச்சுங்க" என்றேன். என் வாய் இருக்கிறதே, அது எனக்குக் கட்டுப்பட்டதில்லை.

அவர் சிரிக்கவில்லை. "கலர் வேற சார், சத்து வேற. செண்டுமல்லி போட்டா கரு செவக்கும். ஒரு கைப்பிடி போட்டா தப்பே இல்ல. ஆனா தீவனத்த நிறுத்திட்டு கேரட்ட போட்டீங்கன்னா அதுக்கு வயிறு நெறஞ்சுடும், முட்டை செய்யறதுக்கான சரக்கு உள்ள போகாது. ஓடு எதுலருந்து வருதுன்னு நெனைக்கிறீங்க? சிப்பி குடுக்கலேன்னா அது சொந்த எலும்புலருந்து எடுத்து ஓடு போடும். அதுவும் தீந்தா தோல் முட்டை. அப்புறம் முட்டையே இல்ல."

சொந்த எலும்பிலிருந்து. முப்பது வருஷம் கோப்பையின் நிறத்தைப் பார்த்துத் தலையாட்டியவனுக்கு இது புது விஷயம். வாடின செடியைக் கசக்கி நல்ல நிறம் எடுத்துவிட்டு நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

எழுந்தபோது அவர் இன்னொன்றும் சொன்னார். "இந்த வாரம் போடற முட்டைய யாருக்கும் குடுத்துடாதீங்க. எதுக்கு ரிஸ்க்கு."

ஞாயிற்றுக்கிழமை முட்டை அத்துடன் போயிற்று.

வீட்டுக்கு வந்து கிண்ணம் நிறையச் சிப்பித்தூள் கொட்டினேன். பழையபடி முழு டப்பா தீவனம் வைத்தேன். கோழிகள் பாய்ந்து வந்து தின்றதைப் பார்க்க முடியவில்லை. சிப்பிக் கிண்ணத்தில் நாலு அலகு ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டன. பசி என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாத ஜீவன்கள், மூன்று நான்கு நாளாக என் செண்டுமல்லியைத் தின்றுகொண்டு என் முகத்தைப் பார்த்திருக்கின்றன. நான்தான் அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

கொண்டைக்காரியை அட்டைப்பெட்டியில் சாக்கு விரித்து அடுப்போரம் வைத்தேன். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மத்தியானமே மூடுபனி இறங்கி ஜன்னலை வெள்ளையாக அடைத்துவிட்டது. அதற்கு மூச்சு வாங்குகிறதா, எனக்கு மூச்சு வாங்குகிறதா என்று தெரியவில்லை. அலகு கொஞ்சம் திறந்தால் எழுந்து நிற்பேன். மூடினால் உட்காருவேன். அடுப்போரத்திலிருந்து வெளிக் கூண்டுக்கு ஓடி மற்ற பதினைந்தையும் எண்ணுவேன். ஒன்று இறகைச் சிலிர்த்தால் போதும், கிட்டே போய்க் குனிந்து பார்ப்பேன். மலைக்குளிரில் கோழி இறகைச் சிலிர்ப்பது சகஜம். அன்றைக்கு ஒவ்வொரு சிலிர்ப்பும் எனக்கு வந்த சம்மன்.

போன் அடித்தது. அவள்தான்.

"ஏனுங்க, என்ன இப்படி மூச்சு வாங்குது?"

"வெளிய இருந்து ஓடி வந்தேன்."

"எதுக்கு ஓடினீங்க?"

இத்தனை வருஷமாகக் கேள்விக்கு முன்னால் பதில் வைத்திருப்பவன் நான். அன்றைக்கு வந்தது ஒரே வார்த்தைதான். "குளிருது" என்றேன். "சரி, ஸ்வெட்டர் போடுங்க" என்று வைத்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. ஸ்வெட்டரைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலத்துக்கு மேல் கொண்டைக்காரி தண்ணீர் குடிக்கவில்லை. கழுத்துக்குக் கீழே கை வைத்தால் மெத்தென்று இருந்தது. புதன்கிழமை காலை என் விரலை அதன் அலகுக்கு முன்னால் நீட்டினேன். கொத்தவில்லை. கொத்து, ஒரு தடவை கொத்து என்று சொல்லிப் பார்த்தேன். தலையை என் உள்ளங்கையில் சாய்த்தது. அது என்னை ஏற்றுக்கொண்டது அந்த ஒரு தடவைதான். பத்து மணி சுமாருக்குப் பெட்டிக்குள் அசைவில்லை.

பக்கத்து வீட்டம்மா வந்து பார்த்தார். பிறகு, என்னைத் தேற்றுவதற்கு என்று நினைக்கிறேன், "சிறுத்த மேல போட்டிருங்கண்ணே. போன மாசம்கூட மேல் லைன் வீட்டுப் பக்கம் ஒரு நாயத் தூக்கிருச்சி தானே. அது வந்து சாட்சியா சொல்லப் போகுது?" என்றார்.

நல்ல யோசனை. உண்மையில் பொய் சொல்வதற்கு இந்த மலையில் இருக்கிற வசதி வேறெங்கும் கிடையாது. எது காணாமல் போனாலும் சிறுத்தை தயாராக நிற்கும். மரத்தடியில் குழி தோண்டும்போது சிறுத்தைக் கதையை முழுவதும் கட்டிவிட்டேன். வேலியில் இரண்டு இறகு செருக வேண்டும். சிறுத்தையின் கண் பச்சையாக மின்னியது என்று சேர்க்கலாம்.

ஒரு பொய் இன்னொன்றைக் கூட்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு எங்கள் கோழி முட்டை என்று கொடுத்துவிடலாம் என்று அன்று மத்தியானம் கடையில் முப்பது வெள்ளை முட்டை வாங்கிவந்தேன். கெட்டியான டீ டிகாக்‌ஷன் போட்டு மூன்றை முக்கி எடுத்தேன். நாட்டு முட்டை நிறம் வரவில்லை. திட்டுத் திட்டாக, அம்மை வடு விழுந்த மாதிரி வந்தது. டீயின் நிறத்தை வைத்தே சோறு தின்றவனுக்கு டீயில் ஒரு முட்டைக்குச் சாயம் ஏற்றத் தெரியவில்லை. அதைவிடக் கேவலம், என் பத்து விரலும் பழுப்பாகிவிட்டது. அந்த விரல்களைப் பார்த்ததும் எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது. அவள் சும்மா போட்ட அந்த இரண்டாவது டீ ஞாபகம் வந்தது. சாயம் படாத இருபத்தேழையும் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, சாயம் பட்டதில் இரண்டை வேகவைத்துத் தின்றேன். மூன்றாவது இறங்கவில்லை. அதை அலமாரியில் வைத்துவிட்டு மறந்தேன்.

வியாழன் முழுக்க மீதிப் பதினைந்தும் தின்றன, குடித்தன, மண்ணைக் கிளறின. எதற்கும் கழுத்து வீங்கவில்லை. டாக்டரம்மா சொன்ன கெடு தாண்டிவிட்டது. ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்துகொண்டிருந்தது.

பதினொரு மணி பஸ்ஸில் இறங்கி வந்தாள். பையை வாசலில் வைத்தாள். முகம் கழுவவில்லை, தண்ணி கேட்கவில்லை. நேராகக் கூண்டுப் பக்கம் போய் "பா, பா, பா" என்று கூப்பிட்டாள். பதினைந்து ஓடி வந்தன. அவள் எண்ணவில்லை. குனிந்து, மடியில் எது ஏறுகிறது என்று பார்த்தாள். எதுவும் ஏறவில்லை.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சிறுத்தை என் நாக்கு நுனியில், பச்சைக் கண்ணோடு, பாயத் தயாராக நின்றது.

"பட்டர் ஃப்ரூட் வெச்சேன்" என்றேன்.

ஒரு வார்த்தை வந்ததும் மிச்சமெல்லாம் பின்னாலேயே வந்தன. கேரட், கோஸ், அரை டப்பா, காலிக் கிண்ணம், போனில் சொன்ன பொய்கள், தோல் முட்டை, வெள்ளைக் கோட்டுக்காரர், டாக்டரம்மா, ஞாயிற்றுக்கிழமை முட்டை கொடுக்கக் கூடாது என்றது, மரத்தடிக் குழி எல்லாம். நடுவில் ஒன்றிரண்டு இடத்தில் சிரிப்பு மூட்டப் பார்த்தேன். கை கொடுக்கவில்லை.

அவள் வீட்டுக்குள் போனாள். அலமாரியில், நான் சொல்லாமல் விட்ட அந்த மூன்றாவது முட்டை இருந்தது. எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தாள். பழுப்பு வந்தது. தன் விரலைப் பார்த்தாள், பிறகு என் பத்து விரலையும் பார்த்தாள். முட்டையை வைத்த இடத்திலேயே வைத்தாள்.

போனை எடுத்து ஹோம்ஸ்டே அம்மாவைக் கூப்பிட்டாள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"அம்மா, வணக்கமுங்க. இந்த ஞாயித்துக்கெழம முட்டை தர முடியாதுங்க... ஆமாங்க... கோழிகளுக்குத் தீனி சரியாப் போகலீங்க. அது தேறி, ஓடு கெட்டியா முட்டை போட இருவது நாளாச்சும் ஆகும். அதுக்கு முன்னால குடுத்தா நல்லா இருக்காதுங்க... இல்லீங்க, அவசரத்துக்கு வேற முட்டை வாங்கித் தர மாட்டேனுங்க."

அந்தப் பக்கம் நீளமாக ஏதோ பேச்சு. எனக்குக் காதில் விழவில்லை. அவள் இரண்டு முறை "சரிங்க" என்றாள். வைத்துவிட்டாள். முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"நல்லா ஆனதும் கொண்டாரச் சொன்னாங்க. காத்திருக்கறேன்னாங்க."

நான் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். யார் தீனியைக் கெடுத்தது என்று அவள் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் வெளியே போய்ச் சிப்பிக் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தாள். மரத்தடியில் புது மண் கிடந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். மேலே கிளை தெரியாமல் காய் தொங்கிக்கொண்டிருந்தது. காலடியில் விழுந்து கிடந்த பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டாள். கோழிக்கு எட்டாமல் எங்காவது எறியப் போகிறாள் என்று நினைத்தேன். என் பக்கத்தில் வந்து, அத்தனையையும் என் மடியில் கொட்டினாள்.

"ஏம்புள்ள, என்னத் திட்டோணும்னா திட்டிப்போடு. இப்படிப் பேசாம இருந்தா எனக்கு என்னமோ பண்ணுது. நான் என்ன செய்யோணும், சொல்லு" என்றேன்.

"மரத்துல இருக்கறதையும் சேத்து, பூராத்தையும் நீங்களே தின்னு முடிங்க."